அளந்த பூமி – 19: ஒரு காதத்தில் எத்தனை அணு?

ஒரு காதத்தில் எத்தனை அணு என்று கேட்டால் கணக்கதிகாரம் தயங்காமல் விடை சொல்லும். கொறுக்கையூர்க் காரிநாயனார் பெயரால் வழங்கும் அந்நூலின் மரபில் வந்த நீட்டலளவை வாய்பாடு இப்படி ஏறுகிறது: அணு எட்டு கொண்டது ஒரு தேர்த்துகள், தேர்த்துகள் எட்டு ஒரு பஞ்சிழை, பஞ்சிழை எட்டு ஒரு மயிர்முனை, பிறகு நுண்மணல், சிறுகடுகு, எள், நெல், விரல் என்று எட்டெட்டாகவே போகிறது. விரலுக்கு மேல் கணக்கு மாறும். 12 விரல் ஒரு சாண், 2 சாண் ஒரு முழம், 4 முழம் ஒரு கோல், 500 கோல் ஒரு கூப்பிடு, 4 கூப்பிடு ஒரு காதம். ஏட்டுக்கு ஏடு பெயர்கள் சற்றே மாறுகின்றன. ஏறும் முறை இதுதான்.

பெருக்கிப் பார்ப்போம். அணுவிலிருந்து விரல் வரை எட்டுப் படி. எட்டை எட்டு முறை வைத்துப் பெருக்கினால் 1,67,77,216. அத்தனை அணு ஒரு விரல். காதத்துக்கு 1,92,000 விரல். ஆக ஒரு காதம் என்பது 3,22,122 கோடியே 54 லட்சத்து 72 ஆயிரம் அணு.

இன்றைய அறிவியல் அணுவை அளக்கக் கையாளும் அலகு ஆங்ஸ்ட்ராம். ஒரு மீட்டரை ஆயிரம் கோடிக் கூறாக்கினால் ஒரு கூறு. ஹைட்ரஜன் அணுவின் குறுக்களவு ஏறத்தாழ ஓர் ஆங்ஸ்ட்ராம். முழத்தை 18 அங்குலம் என்று வைத்துக்கொண்டால், மேற்படி வாய்பாட்டின் காதம் 3,657.6 மீட்டர், அது 36,57,600 கோடி ஆங்ஸ்ட்ராம். அப்படியானால் கணக்கதிகாரத்து அணு ஒன்று 11.4 ஆங்ஸ்ட்ராம். உண்மையான அணுக்கள் இரண்டு, மூன்று ஆங்ஸ்ட்ராம் அளவில் இருக்கின்றன. ஏட்டுக் கணக்கு அந்த இடத்துக்குப் பக்கத்தில் போய் நிற்பதைக் கண்டதும் பலருக்குப் புல்லரிக்கிறது. முன்னோர் அணுவை அளந்தே விட்டார்கள் என்று மேடையில் பேசுகிறவர்களும் உண்டு. இத்தொடரின் வேலை அளவைகளை உள்ளபடி பார்ப்பது. எனவே இந்த வாய்பாட்டைப் படிப்படியாக இறங்கிச் சோதித்துவிடுவோம்.

மேலேயிருந்து தொடங்கலாம். விரல் 1.9 சென்டிமீட்டர். அதில் எட்டில் ஒன்று நெல்: 2.4 மில்லிமீட்டர். எட்டு நெல்மணிகளை அகலவாட்டில் நெருக்கி வரிசையாக வைத்து ஆள்காட்டி விரலைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரகத்துக்கு ரகம் கொஞ்சம் முன்பின் ஆனாலும் கணக்கு ஒத்துவரும். யாரோ உண்மையில் வைத்துப் பார்த்துச் சொன்ன அளவு இது. அடுத்த படி எள். நெல்லில் எட்டில் ஒன்று என்றால் 0.3 மில்லிமீட்டர். எந்த எள்ளும் அவ்வளவு சிறியதில்லை. தட்டையான பக்கத்தில் அளந்தாலும் அதற்கு இரண்டு, மூன்று மடங்கு வரும். அதற்குக் கீழே சிறுகடுகு 0.037 மில்லிமீட்டர் என்றாகிறது. கடுகு எவ்வளவு சிறுத்தாலும் காரம் குறையாது என்பார்கள். இந்த அளவுக்குச் சிறுத்த கடுகைக் கண்ணால் பார்க்கவே முடியாது. மயிர்முனை ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தெழுநூறில் ஒரு பங்கு என்று வருகிறது. தலைமயிரின் கனம் அதைப்போல நூறு மடங்கு.

ஆக நெல் வரைக்கும் இது அளவு. நெல்லுக்குக் கீழே வாய்பாடு. இதைக் குறையாகச் சொல்லவில்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை எட்டெட்டாகப் பெருக்கிப் பழகுவதற்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. சிறியதற்கும் சிறியது உண்டு, அதையும் எண்ணால் தொட்டுவிடலாம் என்ற துணிவை அந்த வயதிலேயே ஊட்டிய பாடம் அது. ஆனால் 11.4 ஆங்ஸ்ட்ராம் என்ற விடை படிகளின் எண்ணிக்கையால் வந்தது. ஒரு படியைக் கூட்டினாலோ குறைத்தாலோ விடை எட்டு மடங்கு மாறிவிடும்.

மாறியும் இருக்கிறது. சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார் நாட்டிய அரங்கின் அளவைச் சொல்லும்போது வேறொரு வரிசை தருகிறார்: அணு, தேர்த்துகள், இம்மி, எள்ளு, நெல்லு, பெருவிரல். எட்டெட்டாக ஐந்தே படி. அதன்படி விரலுக்கு 32,768 அணுதான். விரலை அதே 1.9 சென்டிமீட்டராக வைத்தால் அங்கே அணு 5,800 ஆங்ஸ்ட்ராம். ஏறக்குறைய மஞ்சள் ஒளியின் அலைநீளம். கணக்கதிகார அணுவைவிட 512 மடங்கு பெரிது. எனக்கு இந்த இரண்டாவது வரிசைமேல் தனி மதிப்பு. காரணம் தேர்த்துகள். தேரோடும்போது எழும் புழுதி, சாளரத்து வெயில் கீற்றில் மிதக்கும் தூசு என்று அதை விளக்குவார்கள். ஐந்து படிக் கணக்கில் தேர்த்துகள் 0.0046 மில்லிமீட்டர். வெயில் கீற்றில் மினுங்கும் தூசு உண்மையிலேயே அந்த அளவில்தான் இருக்கிறது. எட்டுப் படிக் கணக்கில் தேர்த்துகள் எந்த வெயிலிலும் தென்படாத அளவுக்குக் கீழே இறங்கிவிடும். கண்ணால் கண்டதோடு ஒட்டி நின்ற வரிசை ஒன்று. கணக்கின் போக்கில் கீழே இறங்கிய வரிசை இன்னொன்று. இரண்டிலும் அடிமட்டத்துக்குப் பெயர் அணு.

பாலக்காட்டுக் கணவாயின் மேற்கே போனால் மூன்றாவது வரிசை கிடைக்கிறது. சமஸ்கிருத வாஸ்து நூல்கள் வழியாகக் கேரளத் தச்சரிடம் புழங்கிய கணக்கில் பரமாணுவிலிருந்து அங்குலத்துக்கு ஆறு படி: கடைசியில் எட்டு யவம் ஓர் அங்குலம். அங்குலத்துக்கு 2,62,144 பரமாணு. இந்த அங்குலம் பிரிட்டிஷ் அங்குலத்தைவிடப் பெரியது. கேரளத்தில் 24 அங்குலக் கோல் இன்று 72 சென்டிமீட்டராகக் கொள்ளப்படுகிறது, ஆகவே அங்குலம் 3 சென்டிமீட்டர். தமிழ்நாட்டு முழத்துக்கும் 24 விரல். ஆனால் முழம் 18 அங்குலம், அதாவது 46 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு.

பாலக்காட்டின் தனித்தன்மை இங்கேதான் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கும் அந்த வாசல் வழியாகப் பொதிமாடும் வண்டியும் நெசவாளரும் தச்சரும் போனார்கள், வந்தார்கள். கல்பாத்தி அக்கிரகாரங்களும் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துத் தமிழ்க் குடிகளும் அந்தப் போக்குவரத்தின் பயன். ஒருவர் 24 என்று எண்ணினால் 46 சென்டிமீட்டர். பக்கத்தூர்க்காரர் 24 என்று எண்ணினால் 72. எண் ஒன்று, நீளம் வேறு. அதோடு போகவில்லை. திருமங்கலத்து நீலகண்டன் மூசதின் மனுஷ்யாலய சந்திரிகை முதலான தச்சு நூல்களில் கோல் ஒன்றில்லை, எட்டு. 24 அங்குலத்தில் தொடங்கி ஒவ்வொரு அங்குலமாகக் கூட்டி 31 அங்குலம் வரை போகும். ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர். வீடு கட்டக் கோல் எடுத்த ஆசாரி முதலில் தீர்மானிக்க வேண்டியது, எந்தக் கோல் என்பதைத்தான்.

காதத்துக்கும் இதே கதி. கணக்கதிகார வாய்பாட்டுக் காதம் மூன்றரைக் கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஆனால் வழிநடைக்காரர் வாயில் காதம் என்றால் ஏழரை நாழிகை நடை. நாழிகைக்கு 24 நிமிடம் என்றால் மூன்று மணி நேரம். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி காதத்தை ஏறத்தாழ 10 மைல் என்று கொள்கிறது. அது 16 கிலோமீட்டர். மறையூர், காந்தலூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி என்று அஞ்சுநாட்டு ஊர்களுக்கு இடையே ஏற்றமும் இறக்கமும் காடும் கடந்து போகிறவருக்குக் கோல் போட்டு அளந்த தூரத்தால் பயனில்லை. எத்தனை நாழிகையில் போய்ச் சேரலாம் என்பதே வேண்டும். மலையில் காதம் நேரத்தின் அளவாக நின்றது நியாயம்தான். ஆனால் அதை ஆங்ஸ்ட்ராமுக்கு மாற்ற உட்கார்ந்தால் ஒரு காதம் 36 லட்சம் கோடியா, 1 கோடியே 60 லட்சம் கோடியா? நாலு மடங்குக்கு மேல் வித்தியாசம். இரண்டு விடைக்கும் பின்னால் எத்தனை சைபர் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். சைபர் போட்டதால் அந்த வித்தியாசம் ஒரு விரல்கூடக் குறையாது.

மிகப் பெரிய எண்ணைப் பிடித்துக்கொண்டு மிக நுட்பமாகச் சிந்தித்தவர்களும் இந்தப் பக்கத்தில்தான் இருந்தார்கள். ஆனைமலைப் பக்கம் பிறந்து பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து பொன்னானியில் கடல் சேரும் பாரதப்புழை, கேரளக் கணிதத்தின் ஆறு. அதன் வடகரைக்கு அப்பால் திருக்கண்டியூரில் நீலகண்ட சோமயாஜி, ஆலத்தியூரில் யுக்திபாஷை எழுதிய ஜ்யேஷ்டதேவர். இவர்களுக்கெல்லாம் மூத்தவர், பதினான்காம் நூற்றாண்டில் பிறந்த சங்கமக்ராமத்து மாதவர். அவர் சொன்ன வட்டக் கணக்கு ஒன்றைப் பின்வந்தவர்கள் தங்கள் உரைகளில் எடுத்தாண்டு காப்பாற்றிக் கொடுத்தார்கள். விட்டம் 90,000 கோடி என்றால் சுற்றளவு 2,82,743 கோடியே 33 லட்சத்து 88 ஆயிரத்து 233.

ஏன் 90,000 கோடி? தசமப் புள்ளி இல்லாத காலம். பின்னத்தில் சிக்காமல் நுட்பத்தைச் சொல்ல வேண்டுமானால் விட்டத்தை மிகச் சிறிய கூறுகளாக உடைத்து எண்ண வேண்டும். மாதவர் செய்தது அதுதான். அவர் அந்தக் கூறுக்குப் பெயர் வைக்கவில்லை. நாம் வைத்துப் பார்க்கலாம்: ஒரு கூறு ஓர் ஆங்ஸ்ட்ராம் என்று கொள்வோம். 90,000 கோடி ஆங்ஸ்ட்ராம் என்றால் சரியாக 90 மீட்டர். ஒரு கோவில் குளம் அளவுக்கான விட்டம். மாதவரின் எண்ணைக் கொண்டு அந்த வட்டத்தின் சுற்றளவைக் கணக்கிட்டால் 282 மீட்டரும் சொச்சமும் வரும். இன்றைய பை மதிப்பை வைத்துக் கணக்கிட்டுக் கழித்துப் பார்த்தால் அவர் சொன்னது கூடுதலாக இருப்பது 2.2 ஆங்ஸ்ட்ராம். சிலிக்கன் படிகத்தில் பக்கத்துப் பக்கத்து அணுக்கள் இரண்டின் இடைவெளி 2.35 ஆங்ஸ்ட்ராம். குளத்தைச் சுற்றி வந்த கணக்கில் பிழை ஓர் அணு இடைவெளிகூட இல்லை.

இந்தக் கழித்தலை முதன்முதலில் போட்டுப் பார்த்த அன்று நான் வேறு வேலை எதுவும் செய்யவில்லை. மாதவருக்கு நவீன அணு தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய தேவையும் இல்லை. முடிவில்லாத் தொடரைக் கூட்டி, விட்டுப்போன மிச்சத்துக்கும் திருத்தம் போட்டு அவர் அடைந்த நுட்பம் அது. கணக்கதிகாரத்து அணு தற்செயலாக 11.4-ல் நின்றதையும் இதையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது. ஒன்று வாய்பாட்டின் நீளத்தால் வந்தது. மற்றது நிரூபணத்தால் வந்தது. நம் பெருமையை எங்கே வைப்பது என்று தேடுகிறவர்கள் இங்கே வைக்கட்டும்.

ஆனால் மாதவரிடமும் ஒன்று கிடையாது. அவருடைய எண் ஒரு விகிதம். குளத்தின் விட்டம் 90 மீட்டர்தானா என்று யாராவது போய் அளந்து சொல்ல வேண்டும். அந்த வேலைக்குக் கோல் வேண்டும். எல்லாரும் ஒப்புக்கொண்ட ஒரே கோல் வேண்டும்.

அந்தக் கோல் எஃகுச் சங்கிலியாகக் கோயம்புத்தூர்ச் சீமைக்கு வந்து சேர்ந்ததை முந்தைய பகுதிகளில் பார்த்தோம். வில்லியம் லாம்டன் 1802-ல் பரங்கிமலை அடிவாரத்தில் ஏழரை மைல் நீள அடிக்கோட்டை அளந்ததும், சீனப் பேரரசருக்கு அன்பளிப்பாகக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பி வந்த நூறடிச் சங்கிலியே அதற்குப் பயன்பட்டதும் நினைவிருக்கும். நாற்பது கண்ணிகள், கண்ணிக்கு இரண்டரை அடி. அதைத் தரையில் இழுத்துப் போடவில்லை. முளைகளின்மேல் மரப்பெட்டிகளை மட்டம் பார்த்து வரிசையாக வைத்து, அவற்றுக்குள் சங்கிலியைக் கிடத்தி, வெயில் படாமல் மறைப்புப் போட்டு, உள்ளே வெப்பமானி வைத்து அளந்தார்கள். எஃகு நூறடிக்கு ஒரு டிகிரி செல்சியஸ் வெப்பம் கூடினால் 0.35 மில்லிமீட்டர் நீளும். ஆங்ஸ்ட்ராமில் 35 லட்சம். காலையில் ஒரு நீளம், உச்சிவெயிலில் ஒரு நீளம். லாம்டனின் குறிப்பேடுகளில் வெப்பத் திருத்தம் பத்தி பத்தியாக வருவதற்குக் காரணம் இதுதான்.

அந்த உழைப்பு பலன் தந்தது. சென்னையிலிருந்து மங்களூருக்கு 400 மைல் என்று பழைய வரைபடங்கள் சொன்ன தூரம் முக்கோண அளவையில் 360 மைலாகச் சுருங்கியது. குமரிமுனை அருகே புன்னையிலிருந்து வடக்கே போன அவருடைய நடுக்கோட்டுத் தொடரில் கோவைப் பகுதியின் பச்சாபாளையம் ஒரு முக்கிய நிலையம். அங்கே நட்சத்திரங்களைப் பார்த்துக் கண்ட அட்சம் 10 பாகை 59 கலை 42 விகலை. பூமியின் வடிவத்தைக் கணக்கிட்ட ஐரோப்பியக் கணிதர்கள் அந்தப் பெயரை விசித்திரமான எழுத்துக்கூட்டலில் தங்கள் அட்டவணைகளில் சேர்த்துக்கொண்டார்கள். 1816 முதல் 1820 வரை வார்டு, கானர் என்ற இரண்டு லெப்டினன்டுகள் திருவிதாங்கூரையும் கொச்சியையும் அளந்தார்கள். இன்றைய இடுக்கி மாவட்டத்து மலைகள் முறையாக வரைபடத்தில் ஏறியது அவர்கள் கையால்தான். அடுத்த ஆண்டு, 1821-ல், வார்டு பழனி மலைமேல் ஏறினார்.

மைலும் அடியும் வந்தபின் குழப்பம் தீர்ந்தது என்று நினைக்கலாம். தீரவில்லை, குழப்பம் சிறுத்தது, அவ்வளவே. இந்திய அளவைத் துறையின் அடி என்பது ஜார்ஜ் எவரெஸ்ட் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த பத்தடி இரும்புக் கோலோடு கட்டுண்டது. அந்தக் கோலை மீட்டரோடு ஒப்பிட்டபோது ஒவ்வொரு ஒப்பீட்டுக்கும் ஒரு விடை வந்தது. 1937-ல் கொண்ட மதிப்பில் இந்திய அடி 0.30479841 மீட்டர். 1975-ல் கொண்ட மதிப்பில் 0.3047995. இடையில் 1959-ல் ஆங்கிலம் பேசும் நாடுகள் கூடி அடியைச் சரியாக 0.3048 மீட்டர் என்று முடித்துவிட்டன. 1975-ன் இந்திய அடிக்கும் உலக அடிக்கும் வித்தியாசம் 5,000 ஆங்ஸ்ட்ராம். பச்சை ஒளியின் ஓர் அலை.

இடுக்கியின் தலைமேல் நிற்கும் ஆனைமுடியை வைத்து இதைப் பார்க்கலாம். 8,842 அடி, 2,695 மீட்டர் என்று பள்ளிப் புத்தகம் சொல்கிறது. எந்த அடி? 1975-ன் அடி என்றால் சிகரம் 4.4 மில்லிமீட்டர் தாழும். 1937-ன் அடி என்றால் 14 மில்லிமீட்டர் தாழும். அது 14 கோடி ஆங்ஸ்ட்ராம். ஆனால் உயரம் அளந்ததே அடிக் கணக்குக்குத்தான். அடிக்குக் கீழே அங்குலம் இல்லை. அளவிலேயே அரை அடி இடம் இருக்கும்போது மில்லிமீட்டரைப் பற்றிக் கவலைப்பட்டு என்ன? இங்கே கவலை தேவையில்லை. முப்பது கிலோமீட்டர் எல்லைக்கோட்டைப் பழைய அளவிலிருந்து புதிய அளவுக்கு மாற்றும்போது கவலை தேவை: 1937-ன் அடியை உலக அடி என்று எண்ணிவிட்டால் கோட்டின் முனை 15 சென்டிமீட்டருக்கு மேல் தள்ளிப்போகும். இன்றும் நிலப்பட மென்பொருள்களில் இந்திய அடி ஒன்றுக்கு மேற்பட்ட மதிப்புகளோடு தனித்தனியாகப் பட்டியலில் நிற்கிறது.

இனி ஆங்ஸ்ட்ராம் இந்த மலைக்கு வந்த கதை. லாம்டனின் முக்கோணங்களுக்குத் தீர்க்க ரேகையின் ஆதாரம் சென்னை நுங்கம்பாக்கத்து வானாய்வகம். கம்பெனி அதை அங்கே கட்டியது 1792-ல். மைல்களெல்லாம் அங்கிருந்தே கிளம்பின. நூறு ஆண்டு கழித்து அந்த நிறுவனத்தின் வானியல் வேலைகள் மலையேறின. மிச்சி ஸ்மித் தலைமையில் 1899-ல் கொடைக்கானலில் சூரிய ஆய்வகம் தொடங்கியது. எழுபத்தெட்டு ஆண்டுக்கு முன் வார்டு அளந்து வரைந்த அதே பழனி மலை. அதன் மேற்குக் கோடி வட்டவடைப் பக்கம் ஆனைமலையோடு சேர்கிறது.

ஆங்ஸ்ட்ராம் என்பது ஸ்வீடன் நாட்டு உப்சாலாவில் இருந்த ஆண்டெர்ஸ் ஆங்ஸ்ட்ராமின் பெயர். சூரிய ஒளியைப் பட்டகத்தால் பிரித்தால் நிறங்களுக்கிடையே கறுப்புக் கோடுகள் ஆயிரக்கணக்கில் தெரியும். ஒவ்வொரு கோட்டுக்கும் அலைநீளம் குறித்து 1868-ல் அவர் வெளியிட்ட வரைபடத்தில், மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கை அலகாக வைத்தார். அணுவை அளக்க அவர் அதை உண்டாக்கவில்லை. வெயிலை அளக்க உண்டாக்கினார். அணுவின் அளவு அதே அலகில் பொருந்தி அமைந்தது பிறகு தெரிந்துகொண்ட சங்கதி.

1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் கொடைக்கானலில் சூரியப் புள்ளி ஒன்றின் நிறமாலையைக் கண்ணாடித் தட்டில் படமெடுத்தார். புள்ளியின் கரும் நடுப்பகுதியைச் சுற்றியுள்ள மங்கிய வளையத்தில், ஒரு பக்கத்துக் கோடுகள் சிவப்பை நோக்கியும் எதிர்ப்பக்கத்துக் கோடுகள் நீலத்தை நோக்கியும் மயிரிழை அளவு சாய்ந்திருந்தன. வாயு புள்ளியின் நடுவிலிருந்து வெளிப்புறமாக ஓடுகிறது என்பதற்கு அதுவே சாட்சி. நொடிக்கு 2 கிலோமீட்டர் வேகம் என்றால், 6,000 ஆங்ஸ்ட்ராம் பக்கத்துக் கோடு நகர்வது 0.04 ஆங்ஸ்ட்ராம்தான். ஹைட்ரஜன் அணுவின் குறுக்களவில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. அலைநீளம் அவ்வளவு மாறினால் தட்டில் கோடு எவ்வளவு தள்ளி விழும் என்பது கருவியின் விரிவைப் பொறுத்தது. அந்தத் தள்ளலை நுண்ணளவித் திருகைத் திருகி உருப்பெருக்கியில் பார்த்து மனிதக் கண்ணால் படித்தார்கள். அது இன்றும் எவர்ஷெட் விளைவு என்ற பெயரில் உலகெங்கும் படிக்கப்படுகிறது. சங்கிலி போட்டு மைல் அளந்த மலையில், நூறு ஆண்டுக்குள் ஆங்ஸ்ட்ராமின் நூறில் ஒரு பங்கு அளக்கப்பட்டது. தமிழ்நாட்டு அளவை வரலாற்றில் இதைவிடப் பெரிய தாவல் எனக்குத் தெரியாது. நம் பாடநூல்களில் இதற்கு இரண்டு வரி கூட இல்லாதது வருத்தம் தருகிறது.

சரி, ஆங்ஸ்ட்ராமாவது ஒரே ஆங்ஸ்ட்ராமா? அதற்கும் கோல் சண்டை உண்டு. 1892-93-ல் மைக்கேல்சன் பாரிஸ் அருகே மீட்டர்க் கோலை காட்மியம் சிவப்பு ஒளியின் அலைகளால் எண்ணி 15,53,163.5 அலை என்றார். பின்னர் 1907-ல் அந்தச் சிவப்புக் கோட்டை 6,438.4696 ஆங்ஸ்ட்ராம் என்று விதித்து, ஆங்ஸ்ட்ராமை மீட்டரிலிருந்து பிரித்து ஒளியோடு கட்டினார்கள். எக்ஸ்-கதிர் ஆய்வாளர்கள் படிகங்களை அளக்கத் தங்களுக்கென்று தனி அலகு ஒன்றை, சீக்பான் அலகை, வைத்துக்கொண்டார்கள். அதன் ஆயிரம் மடங்கு ஓர் ஆங்ஸ்ட்ராமுக்குச் சமம் என்று நம்பி ஆங்ஸ்ட்ராம் என்றே எழுதியும் வந்தார்கள். உண்மையில் இரண்டுக்கும் ஆயிரத்துக்கு இரண்டு வித்தியாசம். 1940-களின் பிற்பகுதியில்தான் 1.00202 என்ற மாற்றெண்ணை ஒப்புக்கொண்டு திருத்தினார்கள். அதற்கு முந்தைய ஆய்வுக் கட்டுரையை எடுத்துப் படிக்கிறவர், எந்த ஆங்ஸ்ட்ராம் என்று கேட்டுக்கொண்டுதான் படிக்க வேண்டும். எட்டுக் கோலில் எந்தக் கோல் என்று ஆசாரி கேட்ட அதே கேள்வி.

1960-ல் மீட்டர் கிரிப்டான் ஒளியின் 16,50,763.73 அலையாகவும், 1983-ல் நொடியின் 29,97,92,458-ல் ஒரு பங்கில் ஒளி கடக்கும் தூரமாகவும் வரையறுக்கப்பட்டது. மீநுண் அளவுகளுக்குச் சிலிக்கன் படிகத்தின் அணு அடுக்கு இடைவெளியையே கோலாகக் கொள்ளலாம் என்று 2019-ல் வழி வகுத்தார்கள். ஓர் அடுக்குக்கும் அடுத்த அடுக்குக்கும் 1.920155714 ஆங்ஸ்ட்ராம். இப்போதுதான் அணு உண்மையிலேயே கோலின் அடிப்படியாக வந்திருக்கிறது. நெல்லை வரிசை வைத்ததுபோல அணுவை வரிசை வைத்து எண்ணுகிறார்கள்.

நம் எல்லைப் பகுதிக்கு 1956 இரட்டை மாற்றம் கொண்டுவந்தது. நவம்பர் 1-ல் மலபாரின் பாலக்காடு சென்னை மாநிலத்திலிருந்து பிரிந்தது. தேவிகுளமும் பீர்மேடும், திருவிதாங்கூர்த் தமிழர்கள் நடத்திய போராட்டத்துக்குப் பிறகும், கேரளத்தில் நின்றன. அதே ஆண்டின் கடைசியில் நாடாளுமன்றம் எடை, அளவைச் சட்டத்தை நிறைவேற்றி மெட்ரிக் முறைக்கு வழிதிறந்தது. கல், மைல், பர்லாங் எல்லாம் அதன்பின் மெல்ல மெல்லத் தாள்களிலிருந்து இறங்கின. வாயிலிருந்து இறங்கவில்லை. நாலு கல் தொலைவு என்று மீனாட்சிபுரத்திலும் போடிமெட்டிலும் பெரியவர்கள் இன்றும் சொல்லக் கேட்கலாம்.

பழைய தூரத்தைப் புதிய அலகுக்கு மாற்றி எழுதுகிற ஊர் வரலாற்று ஆசிரியர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ஏட்டிலோ செவிவழியிலோ காதம் என்று கண்டால் அது வாய்பாட்டுக் காதமா, நடைக் காதமா என்று முதலில் எழுதுங்கள். கோல் என்று கண்டால் அது 24 விரலா, 4 முழமா, தச்சரின் எட்டில் ஒன்றா என்று எழுதுங்கள். அதற்குப் பிறகு கிலோமீட்டர் போடுங்கள். நடைக் காதத்துக்கு 16.09344 கிலோமீட்டர் என்று எழுதுவது தவறு. 16 என்பதே அதற்குத் தாராளம். ‘பதினைந்துக்குச் சற்று முன்பின்’ என்பது இன்னும் நேர்மை. ஆங்ஸ்ட்ராமில் வேண்டும் என்று மாணவர் யாராவது கேட்டால், 16-க்குப் பின்னால் பதின்மூன்று சைபர் போட்டுக் கொடுங்கள். முதல் இரண்டு இலக்கத்துக்கு மட்டும் பொறுப்பேற்க முடியும் என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள்.

1821-ல் வெள்ளகவி வழியாகப் பழனி மலை ஏறிய வார்டு அங்கே என்னென்ன கண்டு எழுதிவைத்தார் என்பதை அடுத்த பகுதியில் பார்ப்போம்.